தொழில் தெரிந்த காவலருக்கு என்ன சம்பளம்?

(திண்டுக்கல் நகரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020 அக்டோபர் 9 அன்று தமிழ்நாடு முழுவதும் முடிதிருத்தும் கடைகள் மூடிக் கிடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடையடைப்புக்குக் காரணம் நம் மாவட்டத்து வழக்கு. 2019-இல் வடமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 12 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். வழக்கு இங்கே திண்டுக்கல் மகளிர் நீதிமன்றத்தில் நடந்தது. குற்றச்சாட்டு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று 2020 செப்டம்பர் இறுதியில் குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் குடும்பம் சார்ந்த தொழிலாளர் சமூகம் மாநிலம் முழுவதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தது.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று பேச நான் வரவில்லை. விடுவிக்கப்பட்டவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. நான் கேட்பது வேறு. ஒரு குழந்தை இறந்து கிடக்கும் வீட்டு வாசலுக்கு முதலில் வந்து சேரும் காவலர் யார்? இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால், கைரேகைக்காரர் வருவதற்கு முன்னால், மோப்ப நாய் வருவதற்கு முன்னால் வந்து நிற்பவர் பெரும்பாலும் ஓர் இரண்டாம் நிலைக் காவலர், அல்லது ஓர் ஏட்டு. ஊர்ச் சனம் மொத்தமும் வாசலில் நிற்கிறது. அந்த முதல் அரை மணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. யாரை உள்ளே விடக் கூடாது, எதைத் தொடக் கூடாது, எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடந்தது, யார் என்ன சொன்னார்கள், மின்விளக்கு எரிந்ததா அணைந்திருந்ததா என்பதையெல்லாம் பார்க்கவும் காக்கவும் குறிக்கவும் தெரிந்திருந்தால் அந்தக் காவலர் ஒரு தொழில்வல்லுநர். தெரியாவிட்டால், இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றக் கூண்டில் நின்று, குறுக்கு விசாரணையில் வியர்த்து, "ஞாபகமில்லை ஐயா" என்பார்.

இந்த இரண்டு காவலருக்கும் மாதச் சம்பளத்தில் எத்தனை ரூபாய் வித்தியாசம்? ஒரு ரூபாய்கூட இல்லை. இன்று என் பேச்சு முழுவதும் இந்த இடத்தைச் சுற்றித்தான்.

சம்பளம் எப்படி அமைந்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி, ஓடி, கயிறேறி இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்பவருக்கு அடிப்படை ஊதியம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. பட்டம் பெற்று நேரடியாக எஸ்.ஐ. ஆகிறவருக்கு 36,900. காவலராகச் சேர்ந்தவர் மேலே போவதற்கு நெடுங்காலமாக வழங்கிவந்த கணக்கு ஒன்று உண்டு: பத்து ஆண்டில் முதல்நிலைக் காவலர், மேலும் ஐந்து ஆண்டில் தலைமைக் காவலர், அதன்பின் பத்து ஆண்டில் சிறப்பு எஸ்.ஐ. தேர்தல் அறிக்கையானாலும் சட்டமன்ற அறிவிப்பானாலும் இந்த இடைவெளியில் எத்தனை ஆண்டைக் குறைப்பது என்பதுதான் எப்போதும் பேச்சு.

இந்த ஏணியை நான் இகழவில்லை. இது வருவதற்கு முன்னால் காவலராகவே சேர்ந்து காவலராகவே ஓய்வு பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மேலதிகாரியின் தயவு, சாதி, சிபாரிசு எதுவும் தேவைப்படாமல் ஒரு மனிதரின் தோளில் பட்டை ஏறுகிறது என்றால் அது பெரிய நியாயம். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் அந்த ஏணி கேட்பது ஆண்டுகளை மட்டும். நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று அது ஒரு படியிலும் கேட்பதில்லை. பத்து ஆண்டில் பாதியைப் பட்டாலியனிலும் ஆயுதப்படையிலும் கழித்தவரும், பத்து ஆண்டும் தாலுகா ஸ்டேஷனில் வழக்குகளோடு உழன்றவரும் ஒரே நாளில் ஒரே படியில் ஏறுகிறார்கள். நமக்குப் பக்கத்தில் பழனியில் இருக்கும் சிறப்புக் காவல் 14-ஆம் அணியில் நல்ல இளைஞர்கள் நிரம்ப இருக்கிறார்கள். கவாத்து தெரியும், கூட்டத்தில் நிற்கத் தெரியும். ஒருநாள் அவர்களைத் தாலுகாவுக்கு மாற்றுகிறார்கள். மறுநாள் காலை அவர் கையில், சம்பவ இடத்தில் கண்டதைப் பதியும் ஒரு பார்வை மகஜர். அதை எழுத அவருக்கு யார், எப்போது கற்றுக்கொடுத்தார்கள்?

ஸ்டேஷன் ரைட்டரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காவல் நிலையத்துக்குப் போன அனுபவம் உள்ளவர்களுக்கு அவரைத் தெரியும். இரும்பு அலமாரிக்கு முன்னால், கணினிக்குப் பின்னால், கட்டுக் கட்டாகக் காகிதத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஏட்டய்யா. புகார் கொடுக்கப் போனால் இன்ஸ்பெக்டர் கேட்பார், எழுதுவது ரைட்டர். எந்தச் சட்டப்பிரிவு பொருந்தும், எது சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்கும், எது எஃப்.ஐ.ஆர். ஆக வேண்டும், வாக்குமூலத்தில் எந்த நேரம் விடுபட்டால் வழக்கு சாயும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். புதிதாக வந்த எஸ்.ஐ. சத்தமில்லாமல் அவரிடம்தான் பாடம் கேட்பார். ரைட்டர் லீவில் போனால் ஸ்டேஷன் பாதி நாள் நின்றுவிடும். அப்படிப்பட்ட மனிதருக்கு அந்த அறிவுக்காகத் தனியே என்ன கிடைக்கிறது? பாரா பார்க்கும் ஏட்டுக்குக் கிடைப்பதேதான். இன்னொன்றும் சொல்கிறேன், சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் காவல்துறை நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள். வேலை நன்றாகத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் ஒரே பரிசு, மேலும் வேலை. "அவருக்குத் தெரியும், அவரிடமே கொடு" என்பார்கள். வேலை தெரியாதது போலக் காட்டிக்கொண்டால் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். ஒரு துறை தன்னிடம் உள்ள நல்ல தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய அநீதி செய்ய முடியாது.

இந்த ஊரில் நின்றுகொண்டு ஓர் ஒப்பீடு சொல்லாமல் போக முடியவில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் தகடு வெட்டுகிறவருக்கும், அரம் போட்டு மெருகேற்றுகிறவருக்கும், நெம்புகோலைப் பொருத்திச் சாவிக்குப் பல் வெட்டுகிறவருக்கும் ஒரே கூலி என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. பல் வெட்டத் தெரிந்த கைக்கு ஒரு தனி மதிப்பு. அதைப் பார்த்துத்தான் பக்கத்தில் இருக்கும் பையன் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான்.

காவலரைத் தொழிலறிந்தவராக எண்ணாத வழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு வயது அதிகம். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றம் விசாரிக்கவும் ஒரே சேவகர்களைக் கம்பெனி ஆட்சி பயன்படுத்தியது. அவர்கள் மக்களைச் சித்திரவதை செய்வதாக எழுந்த புகார்களை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை தந்தது. சித்திரவதை நடப்பது உண்மை என்று அது சொன்னது. அதன் விளைவாகத்தான் வருவாயிலிருந்து காவலைப் பிரித்து 1859-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பிறகு 1902-03-இல் ஃப்ரேசர் தலைமையிலான ஆணையம் நாடு முழுக்கச் சுற்றி, காவல்துறைக்குத் திறமையும் போதாது, பயிற்சியும் போதாது என்று எழுதியது. நல்ல அறிக்கைதான். ஆனால் அதே ஆணையம் இன்னொரு முடிவையும் எடுத்தது: காவலர் என்பவர் காவல் நிற்பது, வழிக்காவல் போவது, ரோந்து சுற்றுவது போன்ற இயந்திர வேலைகளைச் செய்தால் போதும், யோசிக்கிற வேலை எஸ்.ஐ.க்கு மேலே இருக்கட்டும். வெள்ளைக்கார அரசுக்கு அது வசதி. காவலர் யோசிக்க ஆரம்பித்தால் யார் பக்கம் யோசிப்பாரோ?

அந்த எண்ணத்தை அதிகாரபூர்வமாக மறுத்தது 1977-இல் தரம் வீரா தலைமையில் அமைந்த தேசிய காவல் ஆணையம். பல மாநிலங்களில் காவலர்களே தெருவுக்கு வந்து கிளர்ச்சி செய்த 1979-ஆம் ஆண்டில் அதன் முதல் அறிக்கை வெளிவந்தது. காவலரைத் திறன் தேவைப்படாத கூலியாளாகக் கணக்கிட்டுச் சம்பளம் போடுவது தவறு, அவரைத் திறன் பெற்ற தொழிலாளியாக மதித்து ஊதியம் வகுக்க வேண்டும் என்றது. சம்பளப் பேச்சில் அது ஒரு திருப்பம். அதற்குப் பிறகு சம்பளம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் காரணத்துக்காகக் கூட்டச் சொன்னார்களோ அந்தக் காரணம் கழன்று போய்விட்டது. விலைவாசிக்காகக் கூட்டினார்கள், ஊதியக்குழுவுக்காகக் கூட்டினார்கள். திறனுக்காகக் கூட்டவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் 1969-இல் கோபாலசாமி ஆணையத்தில் தொடங்கி 2022-இல் நீதிபதி சி.டி. செல்வம் ஆணையம் வரை ஐந்து காவல் ஆணையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது.

அறிவியலில் நாம் பிந்தியவர்களும் இல்லை. ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் சென்னையில் 1849-இலேயே தொடங்கிவிட்டது. இன்றைய தடய அறிவியல் துறையின் வேர் அது. அங்க அளவுகளை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணும் பிரிவு 1895-இல் சென்னையில் வந்தது. அது வளர்ந்து விரல்ரேகைக் கூடம் ஆயிற்று. ஆக, விஞ்ஞானம் தலைநகரில் நூற்றெழுபது ஆண்டுகளாக இருக்கிறது. சாணார்பட்டியில், நத்தத்தில், வேடசந்தூரில் சம்பவ இடத்தில் நிற்கும் காவலரின் கைக்கு அது வந்து சேர வேண்டும். ரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி அனுப்பினால் உலகத்தின் சிறந்த ஆய்வகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. காற்றாட உலர்த்திக் காகித உறையில் இடத் தெரிய வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளப் பட்டம் வேண்டியதில்லை; சொல்லித் தர ஆளும், கற்றுக்கொள்ள நேரமும், கற்றதற்கு மதிப்பும் இருந்தால் போதும்.

இனி நான் சொல்லப்போவது கசப்பானது. விசாரிக்கத் தெரியாதபோது கை நீளுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளியும் அப்படியே. இவற்றை அறியாமை என்ற ஒரே காரணத்தில் அடக்கிவிட நான் விரும்பவில்லை. அதிகாரத் திமிர் இருக்கிறது, மேலிடத்து அழுத்தம் இருக்கிறது, தண்டனை வராது என்ற துணிச்சல் இருக்கிறது. குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டும். ஆனால் அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. நம் குற்றப்பத்திரிகைகள் பலவற்றைப் பிரித்துப் பாருங்கள். "எதிரி தானாக முன்வந்து கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், அதன் பேரில் கைப்பற்றப்பட்ட பொருள்." பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை நம்பியே வழக்கு நிற்கிறது. ஒப்புதல்தான் மூலதனம் என்றால் அதை எப்படியாவது வாங்கும் வேலைதான் விசாரணை என்று ஆகிவிடும்.

வேறு வழி உலகத்தில் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் பொய் ஒப்புதல்களால் நிரபராதிகள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தது வெளியே வந்தபிறகு, 1990-களின் தொடக்கத்தில் "பீஸ்" என்ற பெயரில் ஒரு நேர்காணல் முறையை வகுத்தார்கள். முன்கூட்டித் திட்டமிடுவது, எதிரில் இருப்பவரைப் பேசவிடுவது, சொன்னதைக் கையில் உள்ள சான்றோடு வைத்துப் பார்ப்பது, முடிந்தபின் தானே மதிப்பிட்டுக்கொள்வது. மிரட்டலுக்கு அதில் இடமில்லை. அதைச் சாதாரணக் காவலருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். கேள்வி கேட்பது ஒரு தொழில். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையிடம் பேசுவது அதிலும் நுட்பமான தொழில். போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாக்குமூலம் பெற வேண்டும் என்கிறது. சீருடையைக் கழற்றுவது எளிது. அதட்டுகிற குரலைக் கழற்ற யார் பயிற்சி கொடுப்பது? தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-இல் தொடங்கின. முப்பது ஆண்டுக்கும் மேலாக அங்கே குழந்தைகளிடம் பொறுமையாகப் பேசிப் பழகிய பெண் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திறனுக்கு ஒரு சான்றிதழ் இல்லை, ஒரு படி இல்லை, பெயர்கூட இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாதபடி செய்துவிட்டன. சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 176-ஆம் பிரிவு. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். செல்போன் பதிவைச் சான்றாக வைக்க வேண்டுமானால் பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் "ஹாஷ்" மதிப்போடு சான்றிதழ் வேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு புதுக் காவலரைக் கற்பனை செய்துவிட்டார்கள். படம்பிடிக்கத் தெரிந்தவர், மின்னணுச் சான்றைக் கெடாமல் எடுக்கத் தெரிந்தவர். அந்தக் காவலருக்கான சம்பளப் பட்டியலை மட்டும் யாரும் எழுதவில்லை.

காவலரின் திறன் எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்று நம் சமவெளியைப் பாருங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்மைத் தொட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடுகிறது. விபத்து நடந்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும், டயர் தேய்ந்த தடத்தை அளந்து, வண்டிகள் நின்ற கோணத்தைக் குறித்து, வரைபடம் போட்ட காவலரின் கையில் இருக்கிறது. அந்த விவரத்தைச் செல்போனில் ஏற்றும் மத்திய அரசின் தரவுத்தள முறையை முதலில் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் ராத்திரியில் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தால் அவள் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த காவலர் அந்த நேரத்தில் எத்தனை பெரிய ஆறுதல்! தைப்பூசத்துக்குப் பழனிப் பாதையில் வரும் பாதயாத்திரைக் கூட்டத்தை ஆண்டுதோறும் நடத்தி அனுப்புகிறார்கள் நம் காவலர்கள். கூட்டம் எந்த இடத்தில் நெரியும், எங்கே வழி திறந்துவிட வேண்டும் என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 27 அன்று பக்கத்துக் கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்த பிறகு அந்த அறிவின் விலையை நாம் எல்லோரும் உணர்ந்திருக்க வேண்டும். அதை எழுதி வைத்து, கற்பித்து, கற்றவருக்கு மதிப்புக் கொடுத்து வளர்க்கிறோமா?

திறனுக்குப் பணம் கொடுப்பது அரசுக்குப் புதிதும் அல்ல. ராணுவத்தில் டிப்ளமோ போன்ற தொழில்நுட்பத் தகுதி உள்ள "எக்ஸ்" குழு வீரர்களுக்கு ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு மாதம் 6,200 ரூபாய் தனியே கிடைக்கிறது. ஒரே பதவி, ஒரே சீருடை, திறனுக்குக் கூடுதல். நம் மாநிலத்தில் காவலருக்குப் பொங்கலையொட்டி முதலமைச்சர் பதக்கம் தருகிறார்கள், அதோடு மாதம் 400 ரூபாய் பதக்கப்படியும் உண்டு. அப்பழுக்கற்ற பணிக்கான மரியாதை அது, இருக்கட்டும். ஆனால் தவறு செய்யாமல் இருந்ததற்கும் ஒன்றைச் சிறப்பாகச் செய்யத் தெரிந்ததற்கும் வேறுபாடு இருக்கிறது. இரண்டாவதற்கு நம்மிடம் பெரும்பாலும் இருப்பது பணிப்பதிவேட்டில் ஒரு நற்குறிப்பும், எப்போதாவது கையில் கொஞ்சம் ரொக்க ரிவார்டும்தான். அதுவும் கொடுக்கிற அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது.

திறனுக்குப் பணம் கொடுக்க முயன்று இங்கிலாந்து எங்கே இடறியது என்பதையும் சொல்ல வேண்டும். 2011-லும் 2012-லும் டாம் வின்சர் என்ற வழக்கறிஞர் அங்கே காவலர் ஊதியத்தைப் பற்றி இரண்டு பகுதிகளாக அறிக்கை தந்தார். பணிக்காலத்துக்காக மட்டும் சம்பளம் ஏறக் கூடாது, துப்பறிவோர் உள்ளிட்ட தேர்ந்த பணியாளருக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு திறன்படி கொடுக்கலாம் என்றார். எண்ணம் நல்லது. ஆனால் வந்த காலம் சிக்கனக் காலம். ஏற்கெனவே இருந்த படியை எடுத்தார்கள், புதிதாகச் சேர்பவரின் தொடக்க ஊதியத்தைக் குறைத்தார்கள். திறன்படியோ நடைமுறைக்கு வரவில்லை. 2012 மே 10 அன்று முப்பதாயிரம் காவலர்களுக்கு மேல் லண்டன் தெருவில் ஊர்வலம் போனார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். இருப்பதிலிருந்து வெட்டித் திறனுக்குக் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கணக்கின் ஏணி அப்படியே நிற்கட்டும். அதன்மேல் கூடுதலாகக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. நம் மாநிலத்தில் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் கூடுதல் பட்டத்துக்கு ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். பிறகு ஒருமுறைத் தொகையாக மாற்றினார்கள். பட்டம் வாங்கினாலே பணம் என்று வைத்தால் தபாலில் பட்டம் வரும். வகுப்பறையில் என்ன மாறியது என்று யாரும் பார்ப்பதில்லை. காவல்துறையில் அப்படி ஆகக் கூடாது. காகிதத்துக்குப் பணம் வேண்டாம், செய்து காட்டியதற்குக் கொடுங்கள். ஓர் அறையைச் சம்பவ இடமாக அமைத்து அதைக் காக்கச் சொல்லுங்கள். பொய் சொல்லும் சாட்சியாக ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எழுதிய மகஜரை ஒரு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யட்டும்.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரிது. எத்தனை பேரைப் பிடித்தாய், எத்தனை வழக்கை முடித்தாய் என்று எண்ணிப் பணம் கொடுக்கத் தொடங்கினால் நாட்டுக்கு நாசம். பிடிபடுவது ஏழை வீட்டுப் பையனாகத்தான் இருப்பான். பொய் வழக்கு பெருகும். தண்டனை விகிதத்தையும் காவலர் சம்பளத்தோடு கட்டக் கூடாது. நேர்மையாக விசாரித்து, "இவர் குற்றவாளி இல்லை" என்று அறிக்கை எழுதும் காவலரும் தொழில்வல்லுநர்தான். அவரை இழப்பாளி ஆக்கும் எந்த முறையும் வேண்டாம். வேலையின் தரத்தைப் பாருங்கள், விளைவின் எண்ணிக்கையை அல்ல.

இந்தத் திறன் தேர்வை யார் நடத்துவது? கண்டிப்பாக அதே சப்-டிவிஷன் அதிகாரி அல்ல. அவர் கையில் கொடுத்தால் வீட்டு வேலை செய்யும் ஆர்டர்லிக்கு முதல் மதிப்பெண் வரும் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள், கேட்கிறது. தடய அறிவியல் துறை, சட்டப் பல்கலைக்கழகம், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகள், குழந்தை மனநலம் அறிந்த மருத்துவர்கள் சேர்ந்து சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் மேற்பார்வையில் நடத்தலாம். தேறியவருக்கு அடிப்படை ஊதியத்தில் ஒரு பங்கு மாதப்படியாக வரட்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதிக்கட்டும், ஏனென்றால் சட்டமும் செல்போனும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எஸ்.ஐ. தேர்வில் துறையினருக்கென்று 20 சதவீத இடம் இருக்கிறதல்லவா, அங்கே இந்தச் சான்றுக்கு மதிப்பெண் கொடுங்கள். அதேவேளை, தோளில் பட்டை ஏறாமலே ஒருவர் நல்ல புலனாய்வுக் காவலராகவே இருந்து, ஓர் எஸ்.ஐ.க்கு நிகராகச் சம்பளம் வாங்கி ஓய்வுபெற வழி இருக்க வேண்டும். இன்று பதவி உயர்வு என்றால் தெரிந்த வேலையை விட்டுவிட்டுத் தெரியாத வேலைக்குப் போவது. பயிற்சி பெற்றவரைக் குறைந்தது சில ஆண்டாவது அந்த வேலையிலேயே வைத்திருக்க வேண்டும். சைபர் குற்றத்தில் தேறியவரை அமைச்சர் வருகைக்கு ரோட்டோரம் நிறுத்தினால் கொடுத்த படி வீண். குற்றப் புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொல்லி 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதன் பொருள் இதுவும்தான்.

கற்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021-இல் வார விடுப்புக்கு ஆணை வந்தது. அது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் முழுதாகக் கிடைக்கிறதா என்பதை உங்கள் தெருவில் குடியிருக்கும் காவலரின் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். பயிற்சி நாள் என்பது பணி நாள். அதை ஓய்வு நாளில் கழிக்கக் கூடாது. செலவாகாதா என்றால், ஆகும். இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் காவலுக்குச் செலவிடும் நூறு ரூபாயில் பயிற்சிக்கு இரண்டு ரூபாய்கூடப் போவதில்லை. வண்டி வாங்குகிறோம், கேமரா வாங்குகிறோம். கேமராவைப் பார்க்கும் கண்ணுக்குச் செலவழிக்க ஏன் தயங்க வேண்டும்?

இதையெல்லாம் காவலர்களே கேட்கட்டுமே, உங்களுக்கு என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆசிரியருக்குச் சங்கம் இருக்கிறது, வருவாய்த்துறைக்குச் சங்கம் இருக்கிறது, பேருந்து ஓட்டுநருக்கு இருக்கிறது. காவலர்கள் அரசின் அனுமதியின்றிச் சங்கம் சேர 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. வாயைத் திறந்தால் மெமோ, கொஞ்சம் உரக்கப் பேசினால் கடும் தண்டனைக்கான 3-பி சார்ஜ். அவர்களால் கேட்க முடியாது. அவர்கள் திறன் குறைவால் பாதிக்கப்படுவது நாம். நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே இந்த அரங்கிலிருந்து ஒரு வேண்டுகோள். திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் என்று ஏழு சட்டமன்றத் தொகுதிகள். காவல்துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வருவதற்கு முன்னால் அந்த ஏழு உறுப்பினர்களுக்கும் நாம் எழுதுவோம். காவலருக்குத் திறன்படி என்ற ஒன்றை அரசு கொண்டுவருமா, முதலில் சம்பவ இடப் பாதுகாப்பு, குழந்தைகளிடம் விசாரணை, மின்னணுச் சான்று, சாலை விபத்து ஆகிய நான்கில் தொடங்குமா, அதைச் சோதிக்க ஒரு மாவட்டம் வேண்டுமென்றால் அது திண்டுக்கல்லாக இருக்கலாமா என்று கேட்போம். கடிதத்தின் நகல் வாசலில் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பாடு இருந்தால் கையெழுத்திடுங்கள். உடன்பாடு இல்லாதவர்கள் தயவுசெய்து போய்விடாதீர்கள், இப்போது கேள்வி நேரம்.